அசனப் பட்டியலில் இல்லாத வரி

எங்கள் கோயில் அசனத்துக்கு முதன்முதலாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தது நான்தான். பின்னால் சபையைப் பற்றிக் கசப்பாகச் சில விஷயங்களைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் என் பங்கு பதிவாகிவிடட்டும்.

ராதாபுரத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். செம்மண், பனை, உடைமரம், இப்போது காற்றாலைகள். தாமிரபரணி எங்களுக்குக் குழாய்த் தண்ணீராக மட்டும்தான் தெரியும், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஊரின் நடுவே உயரமான கோபுரத்தோடு கோயில். வேதக்காரர்களான, அதாவது கிறிஸ்தவர்களான, நாங்களும் அதைக் கோயில் என்றுதான் சொல்வோம். வருஷத்துக்கு ஒரு தடவை, பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மறுநாள் மத்தியானம், கோயில் வளாகத்தில் தரையில் பந்தி போட்டு எல்லாரும் ஒரே சோற்றைச் சாப்பிடுவார்கள். அதுதான் அசனம். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு, ரசம். என் சின்ன வயதில் கிறிஸ்துமஸை விட எனக்கு அதுதான் பெரிய நாள்.

நான் பாளையங்கோட்டையில் கணினி படித்து, மூன்று வருஷம் சென்னையில் இருந்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்குத் தரவுத்தள வேலை பார்க்கிறேன். சிதறிக் கிடக்கும் விவரங்களை அட்டவணைக்குள் கொண்டுவருவது, இரண்டு தடவை வந்த பெயரை நீக்குவது, பிழையைக் கண்டுபிடிப்பது. இதுதான் வேலை. கோயில் செயலாளருக்கு இது தெரியும். அவர் ஓய்வுபெற்ற அதிகாரி, எங்களுக்குத் தூரத்து உறவு. நான் மாமா என்று கூப்பிடுவேன். போன வருஷம் அசனத்துக்கு ஒரு மாதம் முன்பு வீட்டுக்கு வந்தார்.

“ஏம்மா, இந்தப் பட்டணத்துல எல்லாம் கோடு வச்சு ஸ்கேன் பண்ணுதாவள்லா, அது மாதிரி அசனத்துக்கு ஒண்ணு பண்ணித் தருவியா?”

“எதுக்கு மாமா?”

“போன தடவ பாத்தேல்லா. கறிக்குழம்பு பாதியிலயே தீந்துட்டு. நம்மள அசிங்கப்படுத்தணும்னே அந்தக் கோஷ்டி வெளியாளக் கூட்டிட்டு வாரான். தேர்தல் வேற வருது.”

அவர் சொன்ன தேர்தல் நாட்டுத் தேர்தல் இல்லை. எங்கள் சேகரக் கமிட்டித் தேர்தல், அதாவது சபையை யார் நிர்வகிப்பது என்ற தேர்தல். ஊரில் இரண்டு கோஷ்டி. நான் எண்ணிப் பார்த்தவற்றை மட்டும் எழுதுகிறேன். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒரு கோஷ்டி இடப்பக்கப் பெஞ்சுகளிலும் மறு கோஷ்டி வலப்பக்கப் பெஞ்சுகளிலும்தான் உட்காரும். இரண்டு, ஆராதனையின் நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் இடம் வரும்போது நடுப்பாதையைத் தாண்டி யாருடைய கையும் போகாது. மூன்று, போன தேர்தலன்று போலீஸ் வண்டி கோயில் வளாகத்துக்குள்ளேயே நின்றது. நான்கு, எங்கள் பாதிரியாரான ஐயரை மாற்றச் சொல்லி ஒரு கோஷ்டியும் மாற்றக் கூடாதென்று மறு கோஷ்டியும் மனு கொடுத்தன. நடுவில் அந்த மனிதர் பிரசங்கம் செய்வதையே பத்து நிமிஷமாகச் சுருக்கிக்கொண்டார். ஐந்து, என்னோடு திடப்படுத்தல் எடுத்து முழுச் சபையாரான பதினான்கு பேரில் அப்போது கோயிலுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் நான்.

ஆனாலும் செய்து தருகிறேன் என்று சொன்னேன். ஒழுங்கில்லாத ஒன்றை ஒழுங்காக்கக் கேட்டால் எனக்கு மறுக்க வராது.

குடும்பங்களின் விவரத்துக்காகக் கோயில் அலமாரியைத் திறந்துவிட்டார்கள். புதிய பதிவேடுகளுக்கு அடியில் கறுப்பு அட்டை போட்ட பழைய நோட்டு ஒன்று கிடந்தது. எங்கள் ஊரின் முதல் உபதேசியார் எழுதி வைத்ததை, ஓலையும் தாளும் செல்லரித்த பிறகு யாரோ பிரதி எடுத்த நோட்டு. சம்பளத்துக்குப் பதில் கருப்பட்டியும், பெண்கள் ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி ஒதுக்கி வைத்த தானியமும் வாங்கிக்கொண்டு ஊழியம் செய்தவர் அவர். எழுத்தைப் பார்த்ததும் அவர் என் ஜாதி என்று தோன்றியது. பிறப்பைச் சொல்லவில்லை, பட்டியல் போடும் ஜாதியைச் சொல்கிறேன்.

முதல் கோயில் ஒரு விடிலியில் நடந்தது என்று எழுதியிருந்தார். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும் ஓலைக் குடிசைதான் விடிலி. குனிந்துதான் உள்ளே போக முடியும். காலையில் பதநீர் காயும், சாயங்காலம் அடுப்பை அணைத்துவிட்டு ஜெபம். சுவரெல்லாம் கரி. வேதத்துக்கு வந்த குடும்பங்கள் ஏழு. ஏழும் பனையேறிகள். பெரிய தெருவுக்குள் செருப்போடு நடக்கக் கூடாது, தெருக் கிணற்றில் இறைக்கக் கூடாது, எந்த விசேஷத்திலும் பந்தியில் உட்காரக் கூடாது. எல்லாரும் எழுந்து போன பிறகு வேலிக்கு வெளியே, ஓலையை மடக்கிச் செய்த பட்டையில் கஞ்சி ஊற்றுவார்கள். அந்த ஏழு குடும்பமும் சேர்ந்து தாங்களாகவே ஒரு பந்தி போட்டார்கள். அதுதான் முதல் அசனம். உபதேசியார் அதையும் பட்டியலாகவே எழுதியிருந்தார். கம்பு, காணம், கருப்பட்டி, பூசணிக்காய், உப்பு, விறகு, பட்டை மடக்க ஓலை என்று யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்ற விவரம். அதற்குக் கீழே தனியாக ஒரு வரி.

‘உண்டவர்கள்: வந்தவர்கள் எல்லாரும்.’

ஏழு குடும்பங்களின் தலைமுறைகளையும் தட்டச்சு செய்து முடித்தபோது இந்த வரி மட்டும் மிஞ்சியது. என் அட்டவணையில் குடும்ப எண், பெயர், வயது, உறவு, கைப்பேசி எண் என்று கட்டங்கள் இருந்தன. இதற்குக் கட்டம் இல்லை. நான் ‘மற்றவர்’ என்று ஒரு பிரிவு சேர்த்துவிட்டுச் செயலாளர் மாமாவிடம் அந்த வரியையும் காட்டினேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். “அது அந்தக் காலம். அப்ப கூப்பிட்டாலும் வர ஆளு கெடையாது. எல்லாரும் வரலாம்னு எழுதிட்டாரு, சுலபம். இப்ப அப்படியா? அதத் தூக்கிரும்மா.”

தூக்கினேன். ஒரு பிரிவை நீக்க இரண்டு அழுத்தம் போதும். ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று இயந்திரம் கேட்டது. ஆமாம் என்றேன்.

இங்கே அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. தார் ரோட்டுக்கு மேற்கே இருக்கும் மேலத் தெருவில் வீடு. சுடலைமாடனைக் கும்பிடுகிற குடும்பம், வயல் வேலைக்கும் களை எடுப்புக்கும் போகிறவர்கள். அம்மாவும் அவளும் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சேர்ந்து பீடி சுற்றியவர்கள். ஒருத்தியை ஒருத்தி அண்ணி முறையில் மைனி என்று கூப்பிடுவார்கள். அந்தக் கணக்கில் எனக்கு அத்தை.

அவர்கள் தெருக் கோயிலில் கொடைத் திருவிழா வரும்போது, சாமிக்குப் படைத்த எதையும் நாங்கள் வாயில் வைக்க மாட்டோம். அது எங்கள் பக்கத்துக் கண்டிப்பு. அத்தை அதற்காக ஒரு தடவையும் கோபப்பட்டதில்லை. பூசைக்கு முன்பே ஒரு சீப்புப் பழமும் இரண்டு தேங்காயும் கொஞ்சம் பச்சரிசியும் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். மறுநாள் கொண்டுவந்து, “படைக்காதது, மைனி” என்று சொல்லி அம்மா மடியில் வைப்பாள். அம்மா வாங்கிக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு தடவை கூட மறந்ததில்லை.

அசனத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கோயில் வளாகத்து மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து உள்ளி உரிப்பார்கள். மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம். அத்தை எல்லா வருஷமும் வருவாள். போன வருஷமும் வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் குடும்பங்களுக்கான குறியீட்டு அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை எட்டிப் பார்த்தாள்.

“என்னட்டி அது, கட்டம் கட்டமா? கோலமா?”

“சீட்டு அத்தை. இந்த வருஷம் சீட்டு இருந்தாத்தான் பந்தி.”

“நல்லதுதான். போன வருசம் தள்ளுமுள்ளுல எவனோ எம் முந்தானைய மிதிச்சுட்டான்.” மற்றவர்கள் சிரித்தார்கள். “உங்கம்மைக்குப் பெரிய எழுத்துல அடிச்சுக் குடு, அவளுக்குக் கண்ணு தெரியாது.”

“ஒனக்கு மட்டும் தெரியுதோ? உள்ளியோட சேத்து வெரலையும் உரிச்சுட்டு இருக்க” என்றாள் அம்மா.

அத்தை தனக்குச் சீட்டு உண்டா என்று கேட்கவில்லை. உள்ளி உரிக்கிறவளுக்குச் சோறு உண்டா என்று யாராவது கேட்பார்களா? எனக்கும் அப்போது தோன்றவில்லை. இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். உண்மையாகவே தோன்றவில்லை. என் பட்டியலில் எல்லாம் சரியாக இருந்தது. பெயர் இரண்டு தடவை வரவில்லை. வயது தவறவில்லை. செத்தவர்களை நீக்கியிருந்தேன்.

மறுநாள் வாசலில் கயிறு கட்டி ஒரே வழி விட்டிருந்தார்கள். கைப்பேசியோடு ஸ்கேன் செய்ய நின்றது ஓய்வுநாள் பள்ளி டீச்சர். எனக்குச் சின்ன வயதில் வசனம் சொல்லிக் கொடுத்தவர், முந்தின நாள் அத்தைக்கு எதிரே உட்கார்ந்து உள்ளி உரித்தவர். ஏதாவது கோளாறு வந்தால் பார்க்க நான் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். சீட்டைக் காட்டினால் திரை பச்சையாகும், பெயர் வரும். அழகாக வேலை செய்தது. செயலாளர் மாமா இரண்டு தடவை வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திருநெல்வேலியிலிருந்து வந்த பெரியவர்களுக்கு உள்ளே புதிய ஹாலில் வெள்ளைத் துணி விரித்த மேஜை. அவர்களுக்குச் சீட்டு கிடையாது. கார்க் கதவைத் திறந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

அத்தை குளித்து, மஞ்சள் சேலை கட்டி, கையில் தூக்குவாளியோடு வந்தாள். அவள் புருஷனுக்கு இடுப்பு உடைந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. அவருக்கு வருஷாவருஷம் வாளியில் வாங்கிப் போவாள்.

“சீட்டு, அக்கா?” என்றார் டீச்சர்.

“எனக்கு என்ன சீட்டு? நேத்து எனக்கு முன்னாலதான உக்காந்து மூக்க உறிஞ்சிக்கிட்டு இருந்தீய.”

டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைப்பேசியைப் பார்த்தார். “என்னக்கா செய்ய, சீட்டு இல்லாம மிசினு பச்சை காட்டாதே. மேல இருந்து சொல்லிருக்காவ.”

பின்னால் வரிசை நீண்டது. வலப்பக்கப் பெஞ்சுக்காரர் ஒருவர், “ஏன் நிக்கி? மேலத் தெரு ஆளையும் கூட்டிட்டு வந்துட்டானுவளோ?” என்று சத்தமாகக் கேட்டார். அத்தை திரும்பி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியவை: ஒன்று, எழுந்து போய்க் கயிற்றைத் தூக்கியிருக்கலாம். இரண்டு, எங்கள் குடும்ப எண்ணில் ஒரு பெயரைச் சேர்த்திருக்கலாம், பத்து வினாடி. மூன்று, என் சீட்டைக் கொடுத்திருக்கலாம். நான் செய்தது நான்காவது. “அத்தை, கொஞ்சம் பொறுங்க, கேட்டுட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு அனுமதி கேட்க உள்ளே போனேன்.

செயலாளர் மாமா ஹாலில் பெரியவர்களுக்குப் பக்கத்தில் நின்று கறி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதருகில் சொன்னேன். முகத்தில் சிரிப்பு மாறாமலே, “ஒருத்திய விட்டா தெருவே வரும். அவனுவ போட்டோ எடுத்து வாட்ஸாப்புல போட்டுருவானுவ. பந்தி முடியட்டும், வெளிய வச்சுக் குடுக்கச் சொல்லுதேன்” என்றார்.

வெளியே வைத்து. எல்லாரும் எழுந்து போன பிறகு. அவர் அந்தக் கறுப்பு நோட்டின் அதே பக்கத்தை என் கண் முன்னால்தான் படித்திருந்தார்.

நான் வாசலுக்குத் திரும்பியபோது அத்தை இல்லை. “பொறுத்துப் பாத்துட்டுப் போயிட்டாவ” என்றார் டீச்சர். “நீயும்தான் போயி எவ்வளவு நேரம்!”

“ஏதாவது சொன்னாவளா?”

டீச்சர் அடுத்த சீட்டை ஸ்கேன் செய்தார். பச்சை வந்தது. “‘நான் சோத்துக்கா வந்தேன்’னு கேட்டாவ. சோத்துக்குத்தான எல்லாரும் வாரோம், வேற எதுக்கு?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. எங்கள் சபை எந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால், வளாகத்துக்குள் நின்ற போலீஸ் வண்டியையோ, மனுக்களையோ, காலிப் பெஞ்சுகளையோ சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியைத்தான் சொல்வேன். வேற எதுக்கு?

அம்மா பந்தியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, அங்கே தன் கைத்துண்டைப் போட்டு வைத்திருந்தாள். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். இலையில் சோறு விழுந்திருந்தது, குழம்பு இன்னும் வரவில்லை. அம்மா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டாள். பந்தியில் பாதியில் எழுவது எங்கள் ஊரில் பெரிய அவமதிப்பு. எழுந்தாள்.

“யம்மா, எல்லாரும் பாக்காவ.”

“பாக்கட்டும். அவ வாளி எங்க?”

“கொண்டு போயிட்டாவ.”

அம்மா வாசலைப் பார்த்து நடந்தாள். “நீ படிச்ச பிள்ளை. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றாள். வாசலில் டீச்சர், “அக்கா, வெளிய போனா மறுபடி சீட்டு ஓடாது” என்றார். நான்தான் அப்படிச் செய்து வைத்திருந்தேன். ஒரு சீட்டு ஒரு தடவை மட்டும்.

அம்மா அன்றைக்கே மேலத் தெருவுக்குப் போனாள். அத்தை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் புருஷன் இருமும் சத்தம் மட்டும் கேட்டதாம். அடுத்த நாளும் போனாள். களை எடுக்கப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதற்குப் பிறகு வேப்பமரத்தடியில் அம்மா மட்டும் பீடித் தட்டோடு உட்கார்ந்தாள். அத்தை பீடி இலை வாங்க எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு பின் பாதையில் போனாள். இரண்டு மாதம் இப்படி நடந்தது.

இதற்கிடையில் ஆராதனை முடிவில் என்னை முன்னால் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். இந்த வருஷம் குழம்பு தீராமல் அசனம் ஒழுங்காக நடந்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். இரண்டு பக்கத்துப் பெஞ்சும் கைதட்டியது. நான் பார்த்து அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே செயலாளர் மாமாவிடம் சொன்னேன்.

“மாமா, அடுத்த வருஷத்துக்கு அந்தப் பட்டியல் வேண்டாம். நான் வேற மாதிரி எழுதித் தாரேன். வெளியிலிருந்து வாரவங்களுக்கும் இடம் வச்சு.”

“எதுக்கும்மா சிரமம்? எங்கிட்டத்தான் காப்பி இருக்குல்லா. பக்கத்து ரெண்டு சேகரத்துலயும் கேட்டாவ, குடுத்துட்டேன். நல்லா ஓடுதுன்னாவ.”

நன்றாகத்தான் ஓடும். அதில் பிழையே கிடையாது. நான் இல்லாமலும், நான் வேண்டாம் என்றாலும் ஓடும். வீட்டுக்கு வந்து என்னிடம் இருந்த பிரதியைத் திறந்து ‘மற்றவர்’ பிரிவை மறுபடி சேர்த்தேன். அது என் மடிக்கணினியில் மட்டும் இருக்கிறது. யாருக்கும் பயன்படாது.

அந்த டிசம்பரில் கோயில் முன்னால் குடில் கட்டினார்கள். தொழுவத்துக்கு விளக்கு அலங்காரம், தெர்மோகோல் மலை, மோட்டார் வைத்த நீரூற்று. சத்திரத்தில் இடம் இல்லை என்ற பாடத்தை டீச்சர் பிள்ளைகளை வைத்து நாடகமாக நடத்தினார். சத்திரக்காரன் கதவைச் சாத்தியதும் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த ஞாயிற்றிலிருந்து போகவில்லை. இப்போது திடப்படுத்தல் எடுத்த பதினான்கு பேரில் இரண்டு பேர்.

மேலத் தெருவில் கொடை வந்தது. மேளச் சத்தம் இரண்டு நாள் கேட்டது. அம்மா, வழக்கமாகப் பழம் வாங்கி வைக்கும் மூங்கில் தட்டைக் கழுவிக் காய வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் நான் முற்றத்தில் நின்றேன். வெளிக் கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் எங்கள் கதவருகே நின்றதே இல்லை. நேராக உள்ளே வந்து சொம்பை எடுத்துத் தண்ணீர் குடிப்பாள். இடுப்பில் மூட்டை இருந்தது.

“ஏட்டி” என்றாள். “உள்ள வரலாமா? பாத்துச் சொல்லு, பட்டியல்ல எம் பேரு இருக்கா?”

உள்ளிருந்து அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத சத்தம். “வாளா இங்கன. வாசல்ல நின்னு நாடகம் போடுதா.”

அத்தை சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பதில் வேண்டும் என்று நின்றாள். நான் போய்க் கதவை முழுக்கத் திறந்து, மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் மூட்டையை என் கையில் வைத்தாள். ஒரு சீப்புப் பழம், இரண்டு தேங்காய், பச்சரிசி.

“படைக்காதது” என்றாள். “முன்னாலயே தனியா எடுத்து வச்சுட்டேன்.”

சொல்லிவிட்டு உள்ளே வராமல் திரும்பி நடந்தாள். அம்மா வெளியே வந்தபோது அவள் தார் ரோட்டைத் தாண்டிவிட்டாள். மூட்டை என் கையிலேயே இருந்தது. அம்மா அதை வாங்கவில்லை.

“நீயே வச்சுக்கோ” என்றாள். “உனக்குத்தான் குடுத்துட்டுப் போறா.”